ஃபிளை ஃபிஷிங் தொடங்குகிறீர்களா? ராடுக்கு முன்னால் லைனைப் பாருங்கள்

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டுதான் பறக்கிறது. நரம்பு அதன் பின்னால் இழுபட்டுப் போகிறது. ஃபிளை ஃபிஷிங்கில் இது தலைகீழ். சின்ன முள்ளில் இறகும் மயிரும் நூலும் சுற்றிச் செய்த ஃபிளைக்கு எடை இல்லை என்றே சொல்லலாம். கையால் எறிந்தால் காலடியில்தான் விழும். எடையெல்லாம் லைனில், அதாவது தடித்த தூண்டில் கயிற்றில் இருக்கிறது. நாம் வீசுவது லைனை. ஃபிளை அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே போகிறது.

இது புரிந்துவிட்டால் சாமான் வாங்கும் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். பலர் பளபளப்பான ராடில் ஆரம்பித்து, ரீலுக்கு வந்து, லைனைக் கடைசி நிமிடத்தில் ஏதோ ஒன்று என்று எடுத்துக்கொள்கிறார்கள். நான் சொல்லும் வரிசை வேறு: மீன், அதற்கேற்ற ஃபிளை, அந்த ஃபிளையைத் தூக்கிப்போகும் லைன், அந்த லைனுக்குரிய ராடு. ரீல் கடைசியில்.

வெயிட் எண்

லைனுக்கும் ராடுக்கும் ஒரே எண் உண்டு. அதை வெயிட் என்பார்கள். லைனின் முதல் 30 அடியை நிறுத்துப் பார்த்து, அதன் எடையை வைத்து இந்த எண்ணைக் கொடுக்கிறார்கள். 5 வெயிட் லைன் என்றால் அந்த 30 அடி 140 கிரெய்ன், அதாவது 9 கிராம் அளவுக்கு இருக்கும். 3 வெயிட் 100 கிரெய்ன், 8 வெயிட் 210 கிரெய்ன். ராடில் 5 என்று போட்டிருந்தால், 5 வெயிட் லைனின் எடைக்குச் சரியாக வளையும்படி செய்யப்பட்டது என்று பொருள்.

எந்த எண் வேண்டும்? சின்ன ஓடை, சின்ன மீன் என்றால் 3 அல்லது 4. ட்ரவுட்டுக்கு, பொதுவாகப் பழகுவதற்கு, 5. பாஸ், கெண்டை, கொஞ்சம் பெரிய ஃபிளை என்றால் 6 அல்லது 7. கடலோர ஆழமில்லாத நீரில் போன்ஃபிஷ் பிடிக்கவும், காற்று பலமாக அடிக்கும் இடத்துக்கும் 8. டார்ப்பன் போன்ற ராட்சச மீனுக்கு 11, 12 வரை போவார்கள். இங்கே மீனின் அளவைவிட ஃபிளையின் அளவுதான் முக்கியம். விரல் நீளத்துக்கு இறகு வைத்த, நனைந்து கனத்த ஃபிளையை 3 வெயிட் லைனால் தூக்கிப்போக முடியாது; பாதியிலேயே சரிந்து விழும்.

எந்த மீனுக்குப் போவோம் என்று இன்னும் முடிவாகவில்லையா? கண்ணை மூடிக்கொண்டு 9 அடி, 5 வெயிட், 4 துண்டு ராடு எடுங்கள். சலிப்பான பதில்தான், ஆனால் சரியான பதில். ராடில் 590-4 அல்லது 905-4 என்று எழுதியிருப்பதும் இதையேதான் குறிக்கிறது.

லைன்

லைன் பெட்டியின் மேல் டபிள்யூ.எஃப்.-5-எஃப் என்று இருந்தால், முன்பக்கம் கனத்த, 5 வெயிட், மிதக்கும் லைன். டி.டி. என்று தொடங்கினால் இரண்டு முனையும் ஒரே மாதிரி மெலிந்தது. கடைசி எழுத்து எஸ் என்றால் மூழ்குவது, ஐ என்றால் நீர்மட்டத்துக்குக் கீழே மெதுவாக இறங்குவது. தொடங்குபவருக்கு முன்பக்கம் கனத்த மிதக்கும் லைன் ஒன்று போதும். மூழ்கும் லைனைத் தண்ணீரிலிருந்து தூக்கி மறுபடி வீசுவது தனிப் பாடம், அது அப்புறம்.

பெட்டியில் கிரெய்ன் கணக்கும் அச்சிட்டிருந்தால் அதையும் பாருங்கள். இப்போது வரும் பல லைன்கள் அரை எண், சில சமயம் ஓர் எண்கூட, கனமாகவே வருகின்றன. வேகமான ராடுகளை எளிதாக வளைக்கத்தான் இந்த ஏற்பாடு. மென்மையான ராடில் அதைப் போட்டால் ராடு துவண்டுவிடும். ராடு, ரீல், லைன் எல்லாம் சேர்ந்த செட் வாங்குவது தப்பில்லை. ஆனால் செட்டில் சிக்கனம் பிடிப்பது பெரும்பாலும் லைனில்தான். வீச்சு சரியில்லை என்று தோன்றினால் ராடைக் குறை சொல்லும் முன் லைனை மாற்றிப் பாருங்கள்.

ராடு, ரீல்

ராடு எங்கே வளைகிறது என்பதைத்தான் ஆக்‌ஷன் என்கிறார்கள். நுனியில் மட்டும் வளைந்தால் வேகமானது, கைப்பிடி வரை வளைந்தால் மெதுவானது. வேகமான ராடுதான் உயர்ந்தது என்று ஒரு நினைப்பு பரவிக் கிடக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வேகமான ராடு கையில் தகவலே தராது. லைன் பின்னால் நீண்டுவிட்டதா இல்லையா என்று புதியவருக்குத் தெரியாது. நடுத்தரமான ராடு வளைவதைக் கை உணரும், நேரம் தவறினாலும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். கிராஃபைட் போதும். ஃபைபர் கிளாஸ் மெதுவானது, சின்ன ஓடைக்கு அருமை. மூங்கில் ராடு ஆசைக்கு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ரீலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 5 வெயிட்டில் அது லைனைச் சுற்றி வைக்கும் உருளை, அவ்வளவுதான். ராடின் எண்ணுக்குப் பொருந்துகிறதா, சுழற்சி சீராக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். 8 வெயிட்டுக்கு மேலே போனால் கதை வேறு. ஓடும் மீனை நிறுத்த நல்ல டிஸ்க் பிரேக் வேண்டும்.

எல்லாவற்றையும் கோப்பது

முதலில் எந்தக் கையால் சுற்றுவீர்கள் என்று முடிவு செய்து, ரீலை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். லைன் சுற்றிய பிறகு நினைவுக்கு வந்தால் எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டும். ரீலில் முதலில் போவது பேக்கிங், அதாவது 20 பவுண்டு இழுவை தாங்கும் டேக்ரான் நூல். 5 வெயிட்டுக்கு 100 கெஜம் வரை சுற்றலாம். ரீலின் நடுத்தண்டில் ஆர்பர் முடிச்சு. பேக்கிங்கையும் லைனையும் சேர்க்க ஆல்பிரைட் முடிச்சு.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். புது லைனின் ஒரு முனையில் ‘இந்த முனை ரீலுக்கு’ என்று சின்னச் சீட்டு ஒட்டியிருக்கும். பேக்கிங்கோடு சேர வேண்டியது அந்த முனைதான். முன்பக்கம் கனத்த லைனைத் தலைகீழாகச் சுற்றிவிட்டால் வீசும் பக்கத்தில் மெல்லிய பகுதி வந்துவிடும், எவ்வளவு பழகினாலும் லைன் போகாது.

லைனின் மறுமுனையில் லீடர். இது 9 அடி நீளத்துக்குத் தடிமனில் தொடங்கி நுனியில் மயிரிழையாக மெலியும் நரம்பு. லைனிலும் லீடரிலும் தயாராகக் கண்ணி இருந்தால் ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்து இழுத்தால் முடிந்தது. லீடர் சுருளைப் பொட்டலத்திலிருந்து எடுத்ததும் நுனியைப் பிடித்து இழுக்காதீர்கள், ஒரே சிக்காகிவிடும். மூன்று விரலைச் சுருளுக்குள் விட்டு விரித்துப் பிடித்துக்கொண்டு, தடித்த முனையிலிருந்து சுற்று சுற்றாக அவிழுங்கள்.

லீடர் நுனியின் தடிமனை எக்ஸ் கணக்கில் சொல்வார்கள். 11-லிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால் தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை என்று வரும். 5 எக்ஸ் என்றால் 6, அதாவது 0.006 அங்குலம், சுமார் 0.15 மி.மீ. எண் கூடக்கூட நரம்பு மெலியும். ஃபிளையின் முள் அளவும் அப்படித்தான்: 10-ஆம் எண் பெரியது, 18 பொடிசு. முள் எண்ணை மூன்றால் வகுத்தால் ஏறக்குறைய பொருத்தமான எக்ஸ் கிடைக்கும். 14-ஆம் எண் ஃபிளைக்கு 5 எக்ஸ்.

ஒவ்வொரு முறை ஃபிளை மாற்றும்போதும் லீடர் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகும். அதனால் நுனியில் இரண்டடி டிப்பெட் நரம்பைச் சர்ஜன் முடிச்சில் சேர்த்துவிடுங்கள். தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். மிதக்கும் ஃபிளைக்கு நைலான் டிப்பெட், மூழ்குவதற்கு ஃப்ளோரோகார்பன்.

ஃபிளையைக் கட்ட இம்ப்ரூவ்டு கிளிஞ்ச் முடிச்சு போதும். முள்ளின் கண்ணில் நரம்பை நுழைத்து, நுனியை நரம்பின் மேலேயே ஐந்து சுற்று சுற்றுங்கள். கண்ணுக்குப் பக்கத்தில் உள்ள சின்னத் துளைக்குள் விட்டு, அதனால் உருவான பெரிய கண்ணிக்குள் மறுபடி விடுங்கள். இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனையுங்கள். காய்ந்த முடிச்சை இழுத்தால் உராய்வுச் சூட்டில் நரம்பு பலம் இழந்துவிடும். நல்ல மீன் மாட்டும்போது அங்கேதான் அறுபடும்.

ராடைக் கோக்கும்போது நுனித் துண்டிலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள். வளையங்கள் நேர்கோட்டிலிருந்து கால் சுற்று விலகியிருக்கும்படி செருகி, அழுத்திக்கொண்டே திருப்பி நேராக்கினால் நழுவாது. லைனை வளையங்களுக்குள் விடும்போது லீடரின் மெல்லிய நுனியைப் பிடித்துக்கொண்டு தடவ வேண்டாம். லைனையே இரண்டாக மடித்து, அந்த மடிப்பை ஒவ்வொரு வளையத்திலும் விடுங்கள். கை நழுவினாலும் மடிப்பு விரிந்து வளையத்தில் மாட்டி நிற்கும்.

புல்தரையில் முதல் வீச்சு

தண்ணீருக்கு உடனே போகாதீர்கள். மீன் இருக்கும் இடத்தில் யாரும் வீசிப் பழகுவதில்லை, மீனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். திறந்த புல்தரை போதும். லீடர் நுனியில் ஃபிளைக்குப் பதிலாகச் சிறு கம்பளி நூல் குஞ்சம் கட்டுங்கள். மேலே மின்கம்பி இல்லாத இடமாகப் பாருங்கள். கிராஃபைட் மின்சாரம் கடத்தும். இடி இடிக்கும்போதும் ராடைக் கையில் வைத்திருக்கக் கூடாது.

ராடு நுனிக்கு அப்பால் 25 அடி லைனை நேராகத் தரையில் விரியுங்கள். கட்டைவிரல் கைப்பிடியின் மேலே. மற்றக் கை லைனைப் பிடித்திருக்கட்டும். ராடு நுனி தரையைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்திருக்க வேண்டும், லைனில் தொய்வே இருக்கக் கூடாது. இப்போது மெதுவாகத் தூக்கத் தொடங்கி, வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய், ராடு தலைக்கு மேலே சற்றுப் பின்னால் வந்ததும் சட்டென்று நிறுத்துங்கள். கடிகாரத்தில் ஒரு மணி என்று வைத்துக்கொள்ளலாம். ஆணி அடிக்கும் சுத்தியல் போல: வேகம் முடிவில்தான் உச்சம், உடனே நிற்கிறது.

நிறுத்தியதும் காத்திருங்கள். ஃபிளை வீச்சில் கடினமானது இந்த ஒன்றும் செய்யாத நொடிதான். லைன் உங்களுக்குப் பின்னால் லூப்பாக உருண்டு விரிந்து நேராக வேண்டும். அதைத் தலை திருப்பிக் கண்ணால் பாருங்கள். பார்ப்பது வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை. நேரானதும் முன்னோக்கி அதே மாதிரி வேகம் கூட்டி, பத்து மணிப் பக்கம் நிறுத்துங்கள். லூப் முன்னால் விரிந்த பிறகு ராடைத் தாழ்த்துங்கள். லைன் நீளம் கூடினால் காத்திருக்கும் நேரமும் கூடும்.

தப்பு எங்கே என்பதை லைனே சொல்லிவிடும். பின்னால் சாட்டை சொடுக்குவது போலச் சத்தம் கேட்டால் நீங்கள் காத்திருக்கவில்லை. நிஜ ஃபிளை கட்டியிருந்தால் அறுந்து போயிருக்கும். லூப் அகலமாகி லைன் குவியலாக விழுந்தால் மணிக்கட்டு அதிகம் மடங்குகிறது, ராடு பின்னால் படுத்துவிடுகிறது. லீடரில் தானாக முடிச்சுகள் விழுந்தால் முன்வீச்சின் தொடக்கத்திலேயே பலத்தைக் கொட்டுகிறீர்கள். காற்று முடிச்சு என்று பெயர் வைத்துக் காற்றின் மேல் பழி போடுவது வழக்கம். காற்றுக்கு அதில் பெரிய பங்கு கிடையாது.

கை வலிக்கும் வரை வீசாதீர்கள். பதினைந்து நிமிடம் போதும், மறுநாள் மறுபடி. தூரத்துக்கு ஆசைப்படவும் வேண்டாம். ஓடையில் வேலை பெரும்பாலும் பத்து மீட்டருக்குள்தான்.

தண்ணீரில்

போகும் முன் உரிமம் வேண்டுமா, எந்த முள்ளுக்கு அனுமதி என்று அந்த இடத்து விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். தொப்பியும் கண்ணாடியும் கட்டாயம், முள் உங்கள் தலையைச் சுற்றித்தான் பறக்கிறது. முள் நுனியில் பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்ச்செதிலைக் குறட்டால் நசுக்கிவிட்டால் மீனுக்கும் நல்லது, உங்கள் காதுக்கும் நல்லது. காற்று வீசும் கையின் பக்கமிருந்து அடித்தால் முள் உங்கள் மேலேயே வரும். திரும்பி நில்லுங்கள் அல்லது இடம் மாறுங்கள்.

மிதக்கும் ஃபிளையை மேல்நீரில், அதாவது நீர் வரும் பக்கத்தில் போட்டு, நீரோடு சும்மா வரவிட வேண்டும். நடு ஓட்டம் வேகமாக இருந்தால் லைன் முதலில் இழுபட்டு ஃபிளையையும் இழுக்கும். ஃபிளைக்குப் பின்னால் கோடு கிழிப்பதைப் பார்த்தால் மீன் ஒதுங்கிவிடும். லைன் விழுந்த உடனே ராடு நுனியால் அதை மேல்நீர்ப் பக்கம் அரைவட்டமாகத் தூக்கிப் போடுங்கள். சின்ன மீன் போலச் செய்த ஸ்ட்ரீமருக்கு நேர்மாறு: லைனை ராடு பிடித்த கையின் ஆள்காட்டி விரலுக்கு அடியில் வைத்து, மற்றக் கையால் விட்டுவிட்டு இழுக்க வேண்டும்.

ட்ரவுட் கடித்தால் ராடை நிதானமாக உயர்த்தினாலே முள் ஏறும். ஸ்ட்ரீமரிலும் கடல் மீனிலும் ராடை உயர்த்தாமல் லைனைக் கையால் ஓர் இழுப்பு. மீன் காலடிக்கு வந்ததும் ராடைச் செங்குத்தாகத் தூக்காதீர்கள். நுனி உடைவது பெரும்பாலும் அப்போதுதான். விடப்போகும் மீன் என்றால் முதலில் கையை நனையுங்கள், முடிந்தால் தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றுங்கள்.

கிளம்பும்போது ராடுத் துண்டுகள் பிரிய மறுத்தால் முறுக்காதீர்கள். ராடை முழங்கால்களுக்குப் பின்னால் வைத்து, இணைப்பின் இரு பக்கமும் பிடித்து, கைகளை அசைக்காமல் முழங்கால்களை விரித்தால் நேராகப் பிரிந்துவிடும். உப்பு நீரில் பயன்படுத்தியிருந்தால் ராடு, ரீல், லைன் மூன்றையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஈரத்தோடு உறையில் போட்டு மூடி வைத்தால் ராடின் பூச்சு கொப்பளிக்கும். காய்ந்த பிறகு உள்ளே வையுங்கள்.