பேஸைப் பிடித்தால் பாதிப் பாட்டு கைக்குள்

மார்த்தாண்டம் பக்கத்தில் கிட்டார் வாசிக்கிறவனுக்குத் தமிழ், மலையாளம் என்று இரண்டு மொழிப் பாட்டும் வந்தாக வேண்டும். ஞாயிறு காலையில் சர்ச் கொயர், டிசம்பரில் கேரல், தை முதல் சித்திரை வரை களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துப் பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று கோயில் திருவிழாக் கானமேளா, அதாவது மேடைப் பாட்டுக் கச்சேரி. பாடகர் மத்தியானம்தான் லிங்க் அனுப்புவார். "அண்ணே, ராத்திரி இதும் ஒண்ணு உண்டு" என்பார். நோட்டேஷன் எதுவும் வராது. காதை வைத்துத்தான் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) எடுக்க வேண்டும்.

"நெட்டுலயே கெடக்குல்லா அண்ணே?" என்று என்னிடம் படிக்க வரும் பையன்கள் கேட்பார்கள். கிடக்கிறதுதான். புதுப் பாட்டு என்றால் ஓரளவு சரியாகவே இருக்கும். எண்பதுகளின் பாட்டு என்றால் பல்லவி வரை நம்பலாம், சரணத்தில் எழுதியவர் ஊகித்திருப்பார். தானாகவே கார்டு சொல்லும் ஆப்களும் பேஸ் (பாட்டின் அடியில் ஓடும் தாழ்ந்த ஸ்வரம்) நகரும் இடத்தில் தடுமாறுகின்றன. நீங்கள் எடுத்து முடித்த பிறகு ஒப்பிட்டுப் பார்க்க இவை உதவும். தொடக்கத்திலேயே பார்த்துவிட்டால் அந்தத் தப்புக் கார்டுதான் காதில் உட்கார்ந்துகொள்ளும்.

முதலில் போன் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு இயர்போன் மாட்டுங்கள். பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த ஒலி தரும் தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. நம் கிட்டாரின் ஆறாம் தந்தி அதற்கு இரண்டு மடங்கு, 82. கையகல ஸ்பீக்கரில் இதெல்லாம் சரியாக வராது. பாட்டும் தபலாவும் மட்டும் கேட்கும், நீங்கள் பாடகரின் குரலைப் பின்தொடர்ந்து கார்டு தேடுவீர்கள். பாதிப் பேர் வழிதவறுவது இங்கேதான். மெட்டில் ஒரே ஸ்வரம் நீண்டு நிற்கும்போது அடியில் மூன்று கார்டு மாறியிருக்கலாம். எங்கே மாறியது என்று குரல் சொல்லாது, பேஸ் சொல்லும்.

இயர்போனிலும் பேஸ் மங்கலாக இருந்தால் ஒரு வழி உண்டு. பிட்ச் மாற்றும் ஆப்பில் பாட்டை 12 செமிடோன் ஏற்றுங்கள். பாடகர் அணில் மாதிரிக் கீச்சிடுவார், ஆனால் பேஸ் ஒரு ஸ்தாயி மேலே வந்து பளிச்சென்று கேட்கும். ஸ்வரப் பெயர் மாறாது. வேகத்தை முக்காலாகக் குறைக்கலாம், சுருதி அப்படியே இருக்கும். பாதிக்குக் குறைத்தால் ஒலி குழைந்துபோய் இருப்பதும் கேட்காமல் போகிறது, அதனால் நான் முக்காலோடு நிறுத்திக்கொள்வேன்.

இந்தக் கட்டத்தில் கிட்டாரைத் தொடவே கூடாது. பல்லவியை ஓடவிட்டு, பேஸை மட்டும் வாயால் முனகுங்கள். அவ்வளவு கீழே உங்கள் குரல் போகாது, ஒரு ஸ்தாயி மேலே முனகினால் போதும். களியக்காவிளையிலிருந்து தம்பானூர் போகிற பஸ்ஸில் நான் செய்கிற வேலை இதுதான். பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்க்கட்டும். தொண்டையில் ஏறிய ஸ்வரத்தை விரல் தானாகக் கண்டுபிடிக்கும். தொண்டையில் ஏறாததைக் கிட்டாரின் ஃப்ரெட் போர்டில் (விரல் வைக்கும் பலகையில்) தேடினால் பன்னிரண்டு ஸ்வரமும் சரி என்றே தோன்றும்.

அடுத்து ஸ்கேல். பாட்டை எந்த ஸ்வரத்தில் விட்டால் வீட்டுக்கு வந்து சேர்ந்த நிம்மதி கிடைக்கிறதோ அதுதான் ஸட்ஜம். பெரும்பாலும் பல்லவியின் கடைசிச் சொல்லில், பேஸும் சேர்ந்து இறங்கும் இடத்தில் இருக்கும். அதை முனகி, ஆறாம் தந்தியில் தேடுங்கள். நம் பக்கத்துப் பாடகர்கள் பலர் கட்டைக் கணக்கில்தான் பேசுவார்கள், அதுவும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கட்டை என்றால் சி, இரண்டு டி, மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. அரை சேர்ந்தால் ஷார்ப். மூன்றரை கிடையாது, ஈக்கும் எஃபுக்கும் நடுவில் ஸ்வரம் இல்லையே. ஐந்தரை என்றால் ஜி ஷார்ப். முதல் ஃப்ரெட்டில் (பலகையின் முதல் கட்டத்தில்) கேப்போ என்ற தந்தி அழுத்தும் கிளிப்பைப் போட்டு ஜி ஸ்கேல் கார்டுகளையே பிடிக்கலாம். ஆறரைக்கு மூன்றாம் ஃப்ரெட்.

பழைய கேசட்டிலிருந்து ஏற்றிய பாட்டுகள் சில எந்தக் கட்டையிலும் உட்காராது. டேப் ஓடும் வேகம் நூற்றுக்கு ஆறு கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும், மூன்று கூடினால் இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் தொங்கும். கொயரில் பாடும் பழைய பாமாலைப் பதிவுகளில் இது சகஜம். பாட்டோடு மல்லுக்கு நிற்காதீர்கள். ஆறாம் தந்தியைப் பாட்டுக்கு இணையாகத் திருகி, மற்றவற்றை அதற்கு ஒப்பச் சேர்த்துக்கொண்டு கார்டு எடுங்கள். எடுத்து முடித்ததும் ட்யூனரை வைத்துப் பழையபடி சேர்த்துவிடலாம்.

ஸ்கேல் ஜி மேஜர் என்று வைத்துக்கொள்வோம். ஜி, ஏ மைனர், பி மைனர், சி, டி, ஈ மைனர். வீட்டுக் கார்டுகள் இவை ஆறும்தான். ஏழாவதான எஃப் ஷார்ப் டிமினிஷ்டு அபூர்வம், இப்போதைக்கு மறந்துவிடுங்கள். பேஸ் ஈயில் நின்றால் முதல் ஊகம் ஈ மைனர், சியில் நின்றால் சி. பேஸ் வாசிப்பவர் ஓட்டத்தில் இடையில் பல ஸ்வரங்களைத் தொட்டுப் போவார், தாளத்தின் முதல் அடியில் விழுவதை மட்டும் கணக்கில் எடுங்கள். ஆறு அடி கொண்ட சிக்ஸ் எய்ட் பாட்டில் ஒன்றாம் அடியும் நாலாம் அடியும்.

ஊகத்தைச் சோதிக்க முழுக் கார்டையும் அடிக்காதீர்கள். ஆறு தந்தியும் சேர்ந்து ஒலித்தால் பாட்டே அமுங்கிவிடும், தப்பும் சரியாகத் தெரியும். ஒற்றை ஸ்வரம் போதும். மேஜரையும் மைனரையும் பிரிப்பது கார்டின் மூன்றாம் ஸ்வரம் மட்டுமே. பேஸ் ஈயில் நிற்கும் இடத்தில் பாட்டை ஓடவிட்டு, மூன்றாம் தந்தியைத் திறந்து மெதுவாகத் தட்டுங்கள். அது ஜி. பாட்டுக்குள் கரைந்துபோனால் ஈ மைனர். இப்போது அதே தந்தியின் முதல் ஃப்ரெட், ஜி ஷார்ப். பல் கூசுகிறதா? அப்படியானால் மைனர் உறுதி. இது கரைந்து திறந்த தந்தி கூசினால் ஈ மேஜர். ஏ கார்டுக்கு இரண்டாம் தந்தியில் முதல் ஃப்ரெட் மைனர், இரண்டாம் ஃப்ரெட் மேஜர். டிக்கு முதல் தந்தியில் அதே கணக்கு. பையன்களுக்கு முதல் மாதம் இது ஒன்றைத்தான் செய்யச் சொல்வேன். சலிப்பாகத்தான் இருக்கும் அவர்களுக்கு.

இனி சிக்கலுக்கு வருவோம். எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுகளில் பேஸ் கார்டின் காலடியில் கட்டிப்போட்டதுபோல நிற்காது. அது தனியாக ஒரு மெட்டு பாடிக்கொண்டே போகும். ஜி, எஃப் ஷார்ப், ஈ என்று பேஸ் படியிறங்குவதைக் கேட்டதும் ஜி, எஃப் ஷார்ப் மைனர், ஈ மைனர் என்று எழுதிவிடுவார்கள். வாசித்தால் நடுக் கார்டு மட்டும் வெளியூர்க்காரன்போலத் தனியாக நிற்கும். அங்கே இருப்பது பெரும்பாலும் டி கார்டு, பேஸ் மட்டும் அதன் மூன்றாம் ஸ்வரமான எஃப் ஷார்பில் நிற்கிறது. சோதனை: இரண்டாம் தந்தியில் மூன்றாம் ஃப்ரெட்டைத் தட்டுங்கள், அது டி. இரண்டாம் ஃப்ரெட் சி ஷார்ப். டி கரைந்தால் டி கார்டு. ஜி ஸ்கேலில் சி ஷார்ப் வீட்டு ஸ்வரமே இல்லை என்பதும் ஒரு துப்பு.

இதேபோல் பேஸ் ஈயில் நின்றும் ஈ மைனர் ஒட்டாவிட்டால், மேலே சி கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஈயும் ஜியும் பொது. வித்தியாசம் இரண்டாம் தந்தியில்தான்: திறந்தால் பி, முதல் ஃப்ரெட்டில் சி. எது கரைகிறதோ அதுவே கார்டு.

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்திருந்தால் வேலை இன்னும் குறையும். சங்கராபரணம் மேஜர் ஸ்கேல், நடபைரவி மைனர் ஸ்கேல். கீரவாணியில் மெட்டு என்றால் பஞ்சமக் கார்டு (ஸ்கேலின் ஐந்தாம் ஸ்வரத்தில் எழும் கார்டு) மேஜராக வரும் என்று எதிர்பார்க்கலாம்: ஏ மைனர் பாட்டில் ஈ மைனருக்குப் பதில் ஈ. மறுபடியும் அதே மூன்றாம் தந்தி, அதே முதல் ஃப்ரெட். மாயாமாளவகௌளையில் ஸட்ஜக் கார்டிலிருந்து அரைக் கட்டை மேலே உள்ள மேஜருக்குத் தாவும் வாய்ப்பு உண்டு. சி ஸ்கேல் என்றால் சி ஷார்ப் மேஜர். அந்தத் தாவலைக் கேட்டுப் பதிவில் ஏதோ பிழை என்று நினைத்துவிட வேண்டாம். இதற்காக ராகம் படிக்கப் போக வேண்டியதில்லை. கொயரிலோ கானமேளாவிலோ வயலின்காரர் ஒருவர் கட்டாயம் இருப்பார், ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டால் சொல்லிவிடுவார்.

எடுத்ததை எழுதி வையுங்கள். எங்கள் பக்கத்தில் மலையாளப் பாட்டையும் தமிழ் எழுத்தில் எழுதித்தான் பாடுவார்கள் பாதிப் பேர். அந்த வரிக்கு மேலே, கார்டு மாறும் அசையின் தலைக்கு நேராகக் குறியுங்கள். வரியின் ஓரத்தில் நாலு கார்டை வரிசையாக எழுதி வைத்தால் மேடையில் உதவாது. இன்டர்லூடை (பாடகர் இல்லாத இடையிசையை) தனியாக எழுதுங்கள், பல்லவியின் கார்டுகளே அங்கேயும் வரும் என்று நம்ப வேண்டாம்.

ஒரு இடம் எத்தனை முறை கேட்டும் பிடிபடவில்லை என்றால் ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் பிடித்துக் கடந்துவிடுங்கள். அதாவது அந்தக் கார்டின் முதல் ஸ்வரமும் ஐந்தாம் ஸ்வரமும். மேஜரா மைனரா என்று அது காட்டிக்கொடுக்காது. மேடையிலேயே மறந்துபோனால் கீபோர்டுக்காரரின் இடது கையைப் பாருங்கள். ஆனால் ட்ரான்ஸ்போஸ் (சுருதியை மாற்றும் பட்டன்) போட்டிருக்கிறாரா என்று சவுண்ட் செக் நேரத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். போட்டிருந்தால் அவர் கை சியில் இருக்கும், சத்தம் டியில் வரும்.