புதிய மென்பொருளுக்கான தொழில்நுட்பங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மன்னார்குடி வட்டாரத்தில் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்காக நெல் வரவு, ஈரப்பதம், பட்டுவாடா ஆகியவற்றைப் பதியும் மென்பொருளை உருவாக்கப் போகிறீர்கள் என்றால், எந்த மொழி, எந்த ஃபிரேம்வொர்க் (மென்பொருளை எழுத உதவும் ஆயத்தக் கட்டமைப்பு) என்று பேசுவதற்கு முன், அது எங்கே, யார் கையில் இயங்கும் என்பதை எழுதி வையுங்கள். களத்துமேட்டில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். மூட்டையை எடை போடுபவரிடம் இருப்பதோ விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைபேசி. ஆகவே, பதிவை முதலில் கைபேசியிலேயே எஸ்கியூலைட் (SQLite) என்ற சிறிய டேட்டாபேஸில் சேமித்து, இணைப்பு கிடைத்ததும் சர்வருக்கு அனுப்பும் அமைப்பே பொருந்தும். ஒவ்வொரு பதிவுக்கும் கைபேசியிலேயே யுயுஐடி (UUID) என்ற தனித்த அடையாள எண்ணைக் கொடுத்து, அந்த எண் ஏற்கெனவே வந்திருக்கிறதா என்று சர்வரும் சரிபார்த்துக்கொண்டால், இடையில் இணைப்பு அறுந்து அதே பதிவு இருமுறை வந்தாலும் கணக்கு இரட்டிக்காது.

உழவரின் பணம் சம்பந்தப்பட்டது என்பதால், சர்வரில் போஸ்ட்கிரெஸ் போன்ற, தகவல்களை ஒன்றோடொன்று தொடர்புடைய அட்டவணைகளாக வைக்கும் ரிலேஷனல் டேட்டாபேஸையே நான் பரிந்துரைப்பேன். எடையையும் தொகையையும் தசம எண்களை அப்படியே துல்லியமாக வைக்கும் நியூமெரிக் வகையில் வையுங்கள்; எண்களை இரும வடிவில் தோராயமாக வைக்கும் பைனரி ஃப்ளோட்டில் 0.1 என்ற எண்ணைக்கூடத் துல்லியமாகச் சேமிக்க இயலாது.

ஃபிரேம்வொர்க்கில் ஜாங்கோவா (பைத்தான் மொழிக்கானது), லாரவெலா (பிஎச்பி மொழிக்கானது) என்றால், உங்கள் குழுவுக்குக் கைவந்தது எதுவோ அதுவே போதும். ஆனால், ஆள் மாறினாலும் அதைப் பராமரிக்கத் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ வேறொருவர் கிடைப்பாரா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். மென்பொருளைத் தனித்தனியே இயங்கும் சிறு சேவைகளாகப் பிரிக்கும் மைக்ரோசர்வீஸ் முறை இப்போதைக்குத் தேவையில்லை.

முடிவெடுக்கும் முன், எடைப் பதிவுத் திரையை மட்டும் முழுமையாக உருவாக்கி, ஏரோபிளேன் மோடில் பதிந்து, இணைப்பு வந்தபின் சர்வரில் சரியாகச் சேர்கிறதா என்று குறுவை அறுவடைக்கு முன்பே சோதித்துவிடுங்கள்.