புகார் வந்த அன்றைக்குச் செய்யும் தப்புகள்

ஒரு பையனை நாலு பேர் சேர்ந்து படுத்துகிறார்கள் என்றால் அது வகுப்பறைக்கு முன்னால் பஸ்ஸில் தெரிந்துவிடும். காலையில் பாளையங்கோட்டைக்கு வரும் டவுன் பஸ்ஸில் பாருங்கள். மூன்று பேருடைய பையும் ஒரே பையன் மடியில் இருக்கும். இறங்கியதும் பெட்டிக்கடைக்கு ஓடுகிறவனும் அவன்தான், காசும் அவனுடையதுதான். பார்க்கிறவர்கள் "வெளையாடுதானுவ" என்று விட்டுவிடுவார்கள். விளையாட்டு என்றால் நாளைக்கு இன்னொருத்தன் முறை வரவேண்டும். வரவே இல்லை என்றால் கவனிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

வீட்டில் சொன்னால் பாதிப் பேர் கேட்கிற முதல் கேள்வி, "நீ என்னல செஞ்ச?" அதோடு பையன் வாயை மூடிக்கொள்வான். அப்புறம் திங்கட்கிழமை தவறாமல் வயிற்றுவலி. "ரெண்டு போடு போட்டுட்டு வா" என்பது இன்னும் மோசம். நம்ம பக்கத்தில் அந்த ரெண்டு போடு பள்ளிக்கூடத்தோடு நிற்காது, சாயங்காலம் தெருவுக்கு வந்துவிடும்.

பள்ளியில் நடக்கும் பெரிய தப்பு, இரண்டு தரப்பையும் ஒன்றாக நிற்கவைத்துக் கைகுலுக்கச் சொல்வது. ஒருத்தன் பயந்து நிற்கும்போது அது சமாதானம் ஆகாது. யார் சொன்னது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும், அவ்வளவுதான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், தன்னைப் படுத்தியவர்களைப் பற்றிப் பள்ளியில் சொன்ன பட்டியலின மாணவனை அவனோடு படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதனால் தனித்தனியாக விசாரியுங்கள். புகார் சொன்னவன் பெயர் ஸ்டாஃப் ரூமைத் தாண்டக் கூடாது. அன்றைக்கு அவன் யாரோடு வீட்டுக்குப் போகிறான், ராத்திரி வீட்டில் பெரியவர்கள் இருப்பார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். அவனுக்கு டி.சி. கொடுத்து வேறு பள்ளிக்கு அனுப்புவதைத் தீர்வு என்று சொல்லாதீர்கள்.

"இதில் சாதியை இழுக்காதீங்க சார்" என்பார்கள். நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை நேராக அதைத்தான் பேசியது. சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறு வேண்டாம், அகர வரிசையில் உட்கார வையுங்கள் என்றெல்லாம் பரிந்துரைத்தது. அதில் எனக்கு முக்கியமாகப் படுவது, உதவித்தொகை விவரத்தைத் தனியாக அழைத்துச் சொல்லவேண்டும் என்பது. "எஸ்.சி. பசங்கல்லாம் எந்திரி" என்று வகுப்பில் சொல்லும் ஆசிரியர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் யார் யார் என்று வகுப்புக்கே காட்டிக்கொடுத்தாகிவிட்டது.

கயிற்றை அறுத்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பதும் தப்புதான். ஒன்பதாம் வகுப்புப் பையன் அதைக் கட்டுவதற்குக் காரணம், பிளஸ் டூ அண்ணன்மார் தோளில் கை போட்டு "நம்ம பய" என்பதுதான். அந்த இடத்தில் வேறு ஒரு கூட்டம் அவனுக்குக் கிடைக்கவேண்டும். கபடி நல்ல வழி, ஆனால் ஊர்வாரியாக டீம் பிரித்தால் சாதிவாரியாகவே பிரியும். பெயர்களைச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். நாட்டு நலப்பணித் திட்டம், நாடகம், பள்ளித் தோட்டம், எதுவானாலும் பொறுப்பை இரண்டு தெருப் பிள்ளைகளுக்குச் சேர்த்துக் கொடுங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு யார் தனியாக உட்காருகிறார்கள் என்று ஒரு வாரம் பார்த்தாலே போதும், யாரைச் சேர்க்கவேண்டும் என்று தெரிந்துவிடும்.

பள்ளிக்குள் சொல்ல முடியாத பிள்ளை, குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். கல்வித்துறையின் உதவி எண் 14417. அரசுப் பள்ளிகளில் புகாரை எழுதிப் போட 'மாணவர் மனசு' பெட்டியும் உண்டு. அதைத் தலைமையாசிரியர் அறை வாசலில் மாட்டினால் ஒரு பிள்ளையும் கிட்டப் போகாது. தண்ணீர்க் குழாய்ப் பக்கம் மாட்டுங்கள்.