வாசல் பளிச்சென்று இருக்க

நம்ம குமரி மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. பாசியும் துருவும்தான் வாசலின் அழகைக் கெடுக்கின்றன. அதனால் அலங்காரப் பொருள் வாங்கும் முன் இந்த இரண்டையும் கவனியுங்கள்.

படியில் பாசி இருந்தால் பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவலாம். அதோடு ஆசிட் மட்டும் கலந்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும்.

குளச்சல், முட்டம் பக்கம் கடற்கரையை ஒட்டிய வீடு என்றால் கிரில் கேட்டில் உப்பு படிந்திருக்கும். எமரி பேப்பரால் துருவைத் தேய்த்து எடுத்த பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, பிரைமர் அடித்து, அதன் மேல்தான் எனாமல் பெயின்ட். உப்பின் மேலேயே அடித்தால் சீக்கிரமே கொப்பளித்து உரியும். வேலையை மே மாதத்துக்குள் முடிப்பது நல்லது.

கயிறு மிதியடி மண்ணை நன்றாகவே பிடிக்கும். ஆனால் சாரல் படாத இடத்தில் போடுங்கள், நனைந்தால் காய நாளாகும். செருப்புக்கு ஒரு ஸ்டாண்டு வைத்தாலே பாதி வாசல் அழகாகிவிடும்!

அப்புறம் விளக்கு. வெள்ளை வெளிச்சத்தைவிட மஞ்சள் எல்இடி பார்க்க இதமாக இருக்கும், பூச்சியும் குறைவாக வரும். மழைக்காலத்தில் ஈசல் கூட்டிப் பெருக்குகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். செடி வைக்க ஆசையா? ஒரு தொட்டி தெச்சி போதும், வெயிலையும் மழையையும் தாங்கும்.