மெல்பர்னில் ஃபுட்டி வீரர் ஒருவர் இறந்தால்: புதிதாக வருபவர்களுக்கு

டாக்ஸ் ஃபைல் நம்பர், வங்கிக் கணக்கு, ரயில், டிராம், பஸ்ஸுக்கான மைக்கி அட்டை, விசாவுக்கு ஏற்றபடி மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு அல்லது தனியார் காப்பீடு. இவற்றை வந்த கையோடு முடித்துவிடுங்கள். வழிகாட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் நீட்டி முழக்கப் போவதில்லை. நான் எழுத வந்தது இந்த ஊர்க்காரர்கள் உயிராய் நேசித்த ஃபுட்டி (ஆஸ்திரேலியக் கால்பந்து) வீரர் ஒருவர் காலமாகும் நாட்களைப் பற்றி. அந்த நாட்களில்தான் எனக்கு வேண்டிய ஒரு அக்கா நல்ல மனதோடு ஒரு காரியம் செய்யப்போய்ப் பணத்தை இழந்தார்.

நம்மூரில் பெரிய மனிதர் ஒருவர் போனால் தெருவே சொல்லிவிடும். கடை அடைப்பார்கள், பஸ் ஓடாது, முச்சந்தியில் படம் வைத்து மாலை போட்டு மைக்செட் கட்டிவிடுவார்கள். இங்கே ரயில் ஓடும், கடை திறந்திருக்கும், ஆபீசில் மீட்டிங்கும் நடக்கும். அதனால் யாருக்கும் துக்கம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2023 செப்டம்பர் 16, சனிக்கிழமை, ஃபுட்டி ஜாம்பவான் ரான் பராஸி 87 வயதில் இறந்தார். திங்கட்கிழமை எங்கள் ஆபீசில் எப்போதும் வாய் ஓயாமல் பேசும் மனிதர் ஒருவர், ஓரங்களில் நூல் பிரிந்த, மெல்பர்ன் அணியின் சிவப்பு நீல ஸ்கார்ஃப் ஒன்றை நாற்காலி முதுகில் போட்டுவிட்டு மதியம் வரை தலை நிமிராமல் வேலை பார்த்தார். காபி வாங்கிக் கொடுத்தேன். "என் அப்பா என்னை அவர் ஆட்டத்துக்குக் கூட்டிப்போவார்" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

பராஸி யார் என்று தெரிந்துகொள்வது நல்லது, இந்த ஊரைப் புரிந்துகொள்ள உதவும். அவருடைய அப்பாவும் மெல்பர்ன் அணியின் ஆட்டக்காரர். 1940இல் கோப்பை வென்ற அணியில் இருந்தார், அடுத்த ஆண்டே இரண்டாம் உலகப் போரில் டோப்ரூக் போர்முனையில் உயிரிழந்தார். அப்போது பிள்ளைக்கு வயது ஐந்து. வளர்ந்த பிறகு பயிற்சியாளர் நார்ம் ஸ்மித் வீட்டில் தங்கி, அப்பா அணிந்த அதே 31ஆம் எண் சட்டையில் ஆடினார். ஆட்டக்காரராக மெல்பர்னுக்கு ஆறு கோப்பைகள். பயிற்சியாளராகக் கார்ல்டனுக்கு இரண்டு, நார்த் மெல்பர்னுக்கு இரண்டு. 1970 இறுதிப் போட்டியில் பாதி ஆட்டம் முடிந்தபோது அவருடைய கார்ல்டன், காலிங்வுட்டை விட 44 புள்ளிகள் பின்தங்கி இருந்தது. எம்சிஜி மைதானத்தில் அன்று 1,21,696 பேர். கடைசியில் 10 புள்ளியில் ஜெயித்தார்கள். நேரில் பார்த்த தாத்தாக்கள் இன்றும் நேற்று நடந்ததுபோல் சொல்வார்கள். சொல்லத் தொடங்கினால் உட்கார்ந்து கேளுங்கள், அதைவிட நல்ல ஆறுதல் கிடையாது.

"ஆட்டக்காரர்தானே" என்று மட்டும் எவரிடமும் சொல்லாதீர்கள். எம்.ஜி.ஆர். இறந்தபோது நம் வீட்டுப் பெரியவர்கள் எப்படி இருந்தார்கள் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எம்சிஜிக்கு வெளியே பராஸியின் சிலை இருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் மறைந்தால் சிலையடியில் பூவும் ஸ்கார்ஃபும் சேரும். நீங்களும் போகலாம், யாரும் எந்த அணி என்று கேட்டு விரட்ட மாட்டார்கள். அடுத்த ஆட்டத்தில் வீரர்கள் கையில் கறுப்புப் பட்டை கட்டி வருவார்கள், தொடங்குமுன் மௌன அஞ்சலி இருக்கும். போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு எழுந்து நில்லுங்கள்.

இன்னொன்று. சாவு வீட்டில் "எப்படி ஆச்சு?" என்று கேட்பது நம் வழக்கம். கேட்காவிட்டால்தான் குறை. ஓய்வுபெற்ற வீரர் நடுவயதில் இறந்தால் இங்கே அந்தக் கேள்வியைத் தவிருங்கள். செயின்ட் கில்டா அணியின் முன்னாள் கேப்டன் டேனி ஃப்ராலி 2019 செப்டம்பரில், 56 வயது நிறைந்த மறுநாள், பேலராட் அருகே கார் மரத்தில் மோதி இறந்தார். தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் மூளைநோய் அவருக்கு இருந்தது பிறகுதான் தெரியவந்தது. அவரை நேசித்தவர்களுக்கு அது ஆறாத காயம். ஊகத்தை நாம் கிளப்ப வேண்டாம்.

இனி அந்த அக்கா விஷயம். டான்டினாங் பக்கம் முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர் வேலை. அவர் கவனித்துக்கொள்ளும் தாத்தா ஒருவர் சிறுவயது முதல் மெல்பர்ன் ரசிகர், படுக்கையை விட்டு எழ முடியாதவர். பராஸிக்கு எம்சிஜியில் நவம்பர் 10 அன்று அரசு அஞ்சலி நிகழ்ச்சி. அதை அவருக்குப் போனில் காட்ட வேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டார். முகநூலில் தேடினார். பராஸி படம் போட்ட பக்கம், "நேரலை இங்கே" என்று ஒரு லிங்க். இலவசம்தான், ஆள் யார் என்று உறுதிசெய்ய மட்டும் கார்டு எண் போடுங்கள் என்றது. "ஒரு டாலர்தான்டா தம்பி எடுக்கும்னு இருந்துச்சு" என்றார் பிறகு. வீடியோ வரவே இல்லை. ராத்திரி வெளிநாட்டுப் பெயர் ஒன்றில் நூற்றுக்கணக்கான டாலர் போயிருந்தது. ராத்திரி ஷிஃப்ட் பார்த்துச் சேர்த்த காசு. அதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. துக்கத்தில் இருப்பவர்களைக் குறிவைத்து உட்கார்ந்திருக்கிறார்கள் இந்தத் திருடர்கள். பிரபலங்கள் மட்டுமில்லை, சாதாரணக் குடும்பங்களின் இறுதிச் சடங்குக்கும் இதே வேலையைச் செய்கிறார்கள். நம் தமிழ்ச் சங்கத்து மரண அறிவித்தலின் கீழேகூட இப்படி லிங்க் விழலாம்.

மாநில அரசு நடத்தும் அஞ்சலியை நேரலையில் பார்க்கக் காசு கிடையாது. விக்டோரியா அரசின் இணையதளத்துக்கு நீங்களே முகவரி அடித்துப் போங்கள், அல்லது டிவியைப் போடுங்கள். தனியார் இறுதிச் சடங்கு என்றால் லிங்கைக் குடும்பத்திடமோ அடக்கம் செய்யும் நிறுவனத்திடமோ நேரடியாகக் கேட்டு வாங்குங்கள். அஞ்சலி பார்க்கக் கார்டு எண் கேட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

கார்டு எண்ணைக் கொடுத்தாகிவிட்டதா? அழுதுகொண்டு உட்காராதீர்கள். முதலில் வங்கி ஆப்பில் கார்டை லாக் செய்யுங்கள். பிறகு வங்கிக்குப் போன் போட்டு, கார்டை ரத்துசெய்து சார்ஜ்பேக் (எடுத்த பணத்தைத் திருப்பி வாங்குவது) கேளுங்கள். ஸ்கேம்வாட்ச் என்ற அரசின் மோசடிப் புகார் தளத்தில் பதிவு செய்யுங்கள். பாஸ்போர்ட், லைசென்ஸ் படமும் அனுப்பியிருந்தால் அடையாளத் திருட்டில் சிக்கியவர்களுக்கு உதவும் ஐடிகேர் அமைப்பிடம் பேசுங்கள், அது இலவசம். அக்காவிடம் வங்கியில் "நீங்களே கொடுத்த எண்தானே" என்று கைவிரித்தார்கள். நம்மவர்கள் பலரும் அத்தோடு விட்டுவிடுவார்கள். விடாதீர்கள். வங்கியிலேயே முறையான புகார் பதிந்து, எண் வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ஆஃப்கா எனப்படும் நிதிப் புகார் அமைப்புக்குக் கொண்டுபோகலாம், கட்டணம் இல்லை. அக்கா அந்தக் கட்டம் வரை போக நேரவில்லை. முறையான புகார் போனதும் பெரும்பகுதி திரும்பி வந்தது. இங்கிலீஷில் சண்டை போடத் தயக்கமாக இருந்தால் அரசின் மொழிபெயர்ப்புச் சேவையான 131 450க்குப் போன் செய்து "தமிழ்" என்று சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.