ஒட்டுப்படத்தில் தொடங்கி கருத்து எழுத வைப்பது எப்படி?

எட்டு வயதுப் பிள்ளையிடம் நோட்டைக் கொடுத்து 'உன் கருத்தை எழுது' என்றால் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அதனால் முதலில் கத்தரிக்கோலைக் கொடுங்கள். 'தெருமுனை வேப்பமரத்தை வெட்டலாமா?' என்பது போல இரண்டு பக்கமும் பேச இடமுள்ள கேள்வி வேண்டும். அதற்குத் தன் பதிலைக் காட்டும் துண்டுகளை வெட்டி அட்டையில் ஒட்டுவதுதான் ஒட்டுப்படம் (கொலாஜ்), அதற்குப் பழைய வார இதழ், கல்யாணப் பத்திரிகை, துணிக்கடைப் பை போதும். 1912-இல் ஓவியர் பிக்காசோவே செய்தித்தாளை வெட்டிப் படத்தில் ஒட்டியவர்தான்.

உடனே பசை தடவ விடாதீர்கள். துண்டுகளை அட்டையில் பரப்பி நகர்த்தி நகர்த்திப் பார்க்கட்டும், அப்போதே 'இதை ஏன் நடுவில் வைத்தாய்?' என்று கேளுங்கள். 'மரம் போனா அணில் எங்க போகும்?' என்று பதில் வரும். அதுதான் காரணம், 'ஏனென்றால்' சேர்த்து அப்படியே படத்துக்குக் கீழே எழுதச் சொல்லுங்கள். எழுத்துப்பிழையை அன்றைக்குத் திருத்தவே வேண்டாம்.