கச்சானும் மாரியும் தாங்கும் பொன்சாய்: மட்டக்களப்பில் தொடங்குவோருக்கு

மட்டக்களப்பில் பொன்சாய், அதாவது சாடியில் குறுக்கி வளர்க்கும் சிறு மரம், வளர்க்கத் தொடங்குபவர், குளிர்நாட்டுப் பைன் மரங்களைத் தேடாமல், மதில் வெடிப்புகளில் தானே முளைக்கும் அரசு, ஆல் ஆகியவற்றின் கன்றையோ புளியங்கன்றையோ எடுத்துக்கொள்வதே நல்லது. இவை நமது வெப்பத்துக்குப் பழகியவை, வெட்டினாலும் மீண்டும் துளிர்ப்பவை.

அனுபவமுள்ள ஒருவரிடம் கற்கச் செல்லும்போது, அவர் கிளையை வளைக்கும் விதத்தைவிட நீர் ஊற்றும் முறையையே முதலில் கவனியுங்கள், ஏனெனில் பெரும்பாலான மரங்கள் உயிர் பிழைப்பதும் பட்டுப்போவதும் அதிலேயே தங்கியிருக்கின்றன. விரலை மண்ணில் நுழைத்துப் பார்த்து, மேல்மண் காயத் தொடங்கியதும், சாடியின் அடித்துளைகளால் வடியும்வரை ஊற்ற வேண்டும். கச்சான் எனப்படும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், காலையில் நனைத்த ஆழமற்ற சாடி மாலைக்குள் காய்ந்துவிடக்கூடும் என்பதால், இருவேளையும் பார்ப்பது அவசியம். மாரி மழையிலோ நீர் தேங்கி வேர் அழுகும். ஆகவே களிமண்ணைத் தவிர்த்து, சலித்த செங்கல் துண்டுகளுடன் பருமணலும் சிறிதளவு மக்கிய எருவும் கலந்து நிரப்புங்கள். கிணற்று நீர் உவராக இருந்தால், சேமித்த மழைநீரே சிறந்தது.

வேரைக் கத்தரிக்கும்போது ஒரே தடவையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் அகற்றாமல், பின்னர் சில வாரங்கள் நிழலில் வையுங்கள். வளைப்பதற்காகக் கிளையில் சுற்றிய அலுமினியக் கம்பியை, அது பட்டையில் பதியுமுன், முறுக்கிக் கழற்றாமல் துண்டு துண்டாக வெட்டி எடுக்க வேண்டும்.